ஜெசிந்தா கோடு போட்ட இரண்டு வரி

"உன் சுத்தத்தைக் காட்டறதுக்கு என் வீடுதான் கிடைச்சுதா, வத்சலா?"

இதுதான் அவள் கேட்டது. நான் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஐந்தாம் தேதி காலை ஆறேகாலுக்குப் போன். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறேன். ஹலோ இல்லை, எப்படி இருக்கே இல்லை, எடுத்த எடுப்பில் இந்தக் கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டேதான் மீதியையும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இல்லைங்க, உள்ளே வரவில்லை. நாற்காலியை இப்படி வாசலில் எடுத்துப் போட்டீர்களே, அதுவே போதும். இங்கே உட்கார்ந்தால்தான் அவள் கதவு நேராகத் தெரிகிறது. கால் மணி நேரமாக மணியை அழுத்துகிறேன். உள்ளேதான் இருக்கிறாள். செருப்பு வெளியே கிடக்கிறது பாருங்கள், அந்தப் பழுப்பு. குதிகால் வலிக்கு இதைத்தான் போட வேண்டும் என்று அவளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனதே நான்தான். உங்கள் லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருக்கிறேன். தண்ணீர் மட்டும் கொடுங்கள். காபி வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அவளும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கான்வென்டில் ஒரே பெஞ்ச். ஜெசிந்தா ஜன்னலோரம், நான் அடுத்து. அவள் நர்சிங் படித்து, ஹெட் நர்ஸ் வரைக்கும் போய், விருப்ப ஓய்வு வாங்கினாள். நான் கல்யாணம் செய்துகொண்டு குழம்பு கூட்டினேன். அது கிடக்கட்டும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. மாதம் பிறந்தால் அறுநூற்று நாற்பது பேருக்கு ஒரு மின்மடல் போகும். பாதிப் பேர் இந்தத் திருச்சியிலேயே இருக்கிறோம், பாதிப் பேர் துபாய், டொரான்டோ, மெல்போர்ன். யாருக்குப் பேரன் பிறந்தான், எந்த சிஸ்டருக்கு உடம்பு சரியில்லை, யார் இப்போது என்ன செய்கிறாள், எல்லாம் அதில் இருக்கும். அதைத் தயார் பண்ணுகிறவள் நான். என் தலையில் எப்படி விழுந்தது தெரியுமா? எங்கள் தலைவி பத்மஜா, கண் டாக்டர். ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "வத்சலா வீட்ல சும்மாதானே இருக்கா, அவ பண்ணட்டும்" என்றாள். சும்மா இருக்கிறேனாம். மூன்று வேளைச் சோறும் தானாக வேகிறது போலிருக்கிறது.

சரி என்று எடுத்துக்கொண்டேன். நாலு வருஷமாகச் செய்கிறேன். அந்த வேலை என்னவென்று தெரிந்தால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அவள்தான் கேட்கவில்லை.

ஒவ்வொருத்தியும் தன் சங்கதியை வேர்டில் டைப் செய்து எனக்கு அனுப்புவாள். ஒருத்தியின் எழுத்து எறும்பு அளவு இருக்கும், இன்னொருத்தியுடையது சுவர் விளம்பரம். ஒருத்தி மஞ்சளில் எழுதுவாள், மங்களகரமாம். வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்தை எவள் படிப்பது? இதை அப்படியே காப்பி செய்து மின்மடல் எடிட்டரில் பேஸ்ட் செய்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எழுத்து மட்டும் வராது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத குப்பை ஒரு வண்டி வரும். இந்த எழுத்து இன்ன அளவு, இன்ன நிறம், இந்த வரிக்கு மேலே இவ்வளவு இடைவெளி என்று வேர்ட் தன் வசதிக்கு எழுதிவைத்துக்கொண்ட குறிப்பெல்லாம். ஒரு வரிச் செய்திக்குப் பத்து வரிக் குப்பை. எடிட்டரில் எச்டிஎம்எல் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் அத்தனையும் தெரியும். ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டேன். அதோடு அனுப்பினால், நம் கம்ப்யூட்டரில் ஒழுங்காக இருப்பது அடுத்தவள் போனில் கோணிக்கொண்டு நிற்கும். பாதி வரி வலது பக்கமாக ஓடிப்போயிருக்கும். கனம் அதிகமாகிப் பாதியிலேயே வெட்டுப்படும், மீதியைப் பார்க்க இங்கே அழுத்தவும் என்று. யார் அழுத்துகிறார்கள்?

போன வருஷம் ஜூலை மடல் அப்படித்தான் போயிற்று. பதினான்கு விதமான அளவில் எழுத்து, ஐந்து நிறம். பத்மஜா போன் செய்து, "என்னடி இது, சங்க மடலா, ஆடித் தள்ளுபடி நோட்டீஸா?" என்று சிரித்தாள். திட்டியிருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பேன். சிரித்தாள்.

அன்றைக்கே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. வேர்டில் எடுத்ததை நேராக மடலில் கொட்டக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். முதலில் நோட்பேடில் போட வேண்டும். நோட்பேட் ஏழை வீடு, அங்கே நிறமும் கிடையாது, அளவும் கிடையாது, வெறும் எழுத்து மட்டும்தான் உள்ளே நுழைய முடியும். அங்கிருந்து மறுபடி காப்பி செய்து மடலில் போட்டால், தலைக்குக் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி வந்து நிற்கும். அப்புறம் தலைப்பு, தடித்த எழுத்து, சுட்டி எல்லாம் எடிட்டருக்குள்ளேயே நம் கையால் போட வேண்டும். மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டு ஒப்பிட்டுப் போட வேண்டும். கடைசியில் எனக்கே ஒரு மடல் அனுப்பிக்கொண்டு போனில் ஒரு தடவை, கம்ப்யூட்டரில் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். அரிசியைக் களையாமல் யாராவது உலையில் போடுவார்களா? அந்த மாதிரிதான் இதுவும். ஆகஸ்டிலிருந்து என் மடலில் ஒரு பொட்டுக் குப்பை கிடையாது. யாராவது ஒருத்தி, ஒரே ஒருத்தி, நன்றாக இருக்கிறது வத்சலா என்று சொல்லியிருப்பாள் என்கிறீர்கள்? மூச்சு விடவில்லை.

இப்போது இவள் சங்கதிக்கு வருகிறேன். கான்வென்டில் எங்களுக்கு ஒரு சட்டம். எழுதியது தப்பென்றால் ரப்பர் போடக்கூடாது, கிறுக்கி மறைக்கக்கூடாது. ஸ்கேலை வைத்து நடுவே ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் என்ன எழுதினோம் என்பது தெரிய வேண்டும். சிஸ்டர் பெனடிக்டா நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நாங்களெல்லாம் பள்ளிக்கூடத்தை விட்டதோடு அதையும் விட்டுவிட்டோம். இவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கேயும் அதே சட்டமாம். நோயாளியின் குறிப்பில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாதாம், ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டுமாம். முப்பது வருஷம் அப்படி எழுதிய கை. கம்ப்யூட்டருக்கு வந்தால் மாறிவிடுமா? வேர்டிலும் எதையாவது எடுக்க வேண்டுமென்றால் டிலீட் செய்ய மாட்டாள். எழுத்தின் நடுவே கோடு போடுகிற பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் அழுத்துவாள். பக்கத்திலேயே புது வரியை எழுதுவாள், அப்படியே அனுப்புவாள்.

முதல் மூன்று வருஷம் எங்களுக்குள் அது ஒரு ஏற்பாடாகவே இருந்தது. மற்றவர்கள் எழுதியதைக்கூட இவளுக்குத்தான் அனுப்புவேன். கோடு போட்டுத் திருத்தி அனுப்புவாள். கோடு போட்டதையெல்லாம் நான் நீக்கிவிட்டு மடலில் போடுவேன். ஆகஸ்டுக்கு அப்புறம் அதை நிறுத்திவிட்டேன். எல்லாவற்றையும் நானே சுத்தம் பண்ணுகிறபோது இன்னொரு கை எதற்கு?

புது முறைக்கு மாறியதை அவளிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். எதற்குச் சொல்ல வேண்டும்? சமையல்கட்டில் சல்லடையை மாற்றினால் சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லிக்கொண்டிருப்போமா?

இந்த மாதம் 'இப்போது நாம்' என்கிற பகுதிக்கு இவள் முறை. நாலு தடவை கேட்டு வாங்கினேன். ஏழு வரி எழுதி அனுப்பினாள். நோட்பேடில் போட்டேன், மடலில் போட்டேன்.

கோடு என்பது எழுத்தில்லைங்க. அது ஜோடனை. நோட்பேடுக்குள் போனதும் மஞ்சள் நிறம் போகிற மாதிரி, சுவர் விளம்பர அளவு போகிற மாதிரி, கோடும் போய்விடும். கோட்டுக்கு அடியில் இருந்த வரி போகாது. அடித்த வரியும் அடிக்காத வரியும் ஒரே வரிசையில், ஒரே அளவில், சமர்த்தாக நிற்கும்.

மூலத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுவாயே என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. ஒப்பிடுவேன். எல்லாருடையதையும் ஒப்பிட்டேன். இவளுடையதை மட்டும் ஒப்பிடவில்லை. தலைப்புக் கிடையாது, சுட்டி கிடையாது, ஏழே வரி. ஜெசிந்தா எழுதியதில் தப்பு இருக்காது. அவளிடம் நான் வைத்த நம்பிக்கைதான் இவ்வளவுக்கும் காரணம், அதை அவள் யோசித்துப் பார்த்தாளா? சோதனை மடலையும் பார்த்தேன். இடது ஓரம் நேர்க்கோடு, எழுத்து ஒரே அளவு. பார்த்தேன் என்றுதான் சொல்கிறேன். படித்தேன் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டார், "ஏழு வரிதானே, ஒரு தடவை படிச்சிருக்கலாமே" என்று. பேப்பரில் ராசிபலனைத் தவிர வேறெதையும் படிக்காத மனுஷர்.

முதல் தேதி காலையில் அனுப்பினேன். மத்தியானத்திலிருந்து பதில் வர ஆரம்பித்தது. வழக்கமாக இரண்டு வரும், அதில் ஒன்று என் முகவரியை நீக்கிவிடு என்று இருக்கும். அன்றைக்கு ஐம்பது, அறுபது. கும்பிடுகிற கை, சிவப்பு இதயம், கட்டிப்பிடிக்கிற பொம்மை. முழுசாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அப்படியே மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை நாள் கழித்தாவது இவள்களுக்குக் கண் திறந்ததே என்று. பத்மஜாவுக்கு நானே போன் போட்டு, "இப்ப சொல்லு, ஆடித் தள்ளுபடியா இது?" என்று கேட்டேன். அதற்கு அவள், "நீ அதைப் படிச்சியா, வத்சலா?" என்றாள்.

அப்போதுதான் படித்தேன். இப்போது மனப்பாடமே ஆகிவிட்டது, சொல்கிறேன் கேளுங்கள். 'விருப்ப ஓய்வு பெற்று கே.கே. நகரில் வசிக்கிறேன். தோட்டம் வைக்க இடமில்லை, ஜன்னலில் ஐந்து தொட்டி இருக்கிறது. மகன் ஆல்வின் மெல்போர்னில் வேலை பார்க்கிறான். அவன் என்னோடு பேசி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது, எண்ணையும் மாற்றிவிட்டான். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிட்டுப் பேசுவான். ஒரு குறையும் இல்லை.'

நடுவில் இருக்கிற இரண்டு வரி, பேசி இரண்டு வருடம் என்பதும், ஏன் என்று தெரியவில்லை என்பதும், அதுதான் அவள் கோடு போட்டது. கோடு போய்விட்டதா, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கிறது. பேசி இரண்டு வருடம் ஆகிறதாம், அடுத்த மூச்சிலேயே ஞாயிறு தவறாமல் பேசுவானாம். உண்மையும் பொய்யும் பக்கத்தில் பக்கத்தில். படிக்கிறவர்களுக்கு எது எது என்று விளக்கவா வேண்டும்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களுக்குத் தெரியாதா?

ஓ. நீங்கள் எங்கள் மடலில் இல்லையே. சரி, அறுநூற்று நாற்பது பேருக்குத் தெரிந்தாயிற்று, நீங்கள் அறுநூற்று நாற்பத்தொன்று. எதிர்வீட்டில் இருக்கிறீர்கள், என்றைக்காவது தெரியத்தான் போகிறது. மெல்லப் பேசவா? என் குரலே இதுதாங்க. பின் பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும் என்று சிஸ்டர்கள் வளர்த்துவிட்ட குரல்.

நானாக அவளைக் கூப்பிட்டு எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன். அதோடு முடிந்திருந்தால்கூட நாலு நாளில் மறந்திருப்பார்கள். மெல்போர்னில் ஒருத்தி இருக்கிறாள், ரொவீனா, எங்களுக்கு இரண்டு வருஷம் பின்னால் படித்தவள். அவளுக்கு ஆல்வினைத் தெரியுமாம், இரண்டு பேரும் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்களாம். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நேரே அவனிடம் போய்ப் போனை நீட்டியிருக்கிறாள், "பாருப்பா, அம்மா உன்னை நினைச்சு எழுதியிருக்காங்க" என்று. நாலாம் தேதி சாயங்காலம் அவன் அம்மாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். இரண்டு வருஷம் நாலு மாதம் கழித்து முதல் மெசேஜ். 'ஊருக்கெல்லாம் எழுதியாச்சா, சந்தோஷமா?' அவ்வளவுதான். வேறு ஒரு எழுத்து இல்லை.

மறுநாள் விடிந்ததும்தான் எனக்குப் போன் வந்தது.

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? "பேசிட்டான் இல்லடி, இத்தனை நாள் அதுகூட இல்லையே, புது நம்பரும் கிடைச்சாச்சு பாரு" என்றேன். ஆறுதலாகத்தானே சொன்னேன்? அதற்கு அழ ஆரம்பித்துவிட்டாள். நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் அழுது நான் கேட்டதில்லை. அவள் புருஷன் போனபோதுகூட வந்தவர்களுக்கு அவள்தான் நாற்காலி எடுத்துப் போட்டாள். அழுகையை நிறுத்துவதற்காக நோட்பேட் விஷயத்தை முதலிலிருந்து விளக்கினேன். குப்பை எப்படி வருகிறது, கோடு ஏன் நிற்காது, எல்லாம். உங்களுக்குச் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னேன். கேட்டால்தானே. மறுபடியும் அதையே கேட்கிறாள், என் வீடுதான் கிடைச்சுதா, என் வீடுதான் கிடைச்சுதா என்று.

எனக்கும் கோபம் வந்தது. "வேண்டாத வரியை டிலீட் பண்ணித் தொலைச்சிருக்கலாமேடி, கோடு எதுக்கு?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதானே?

அதற்கு அவள் சொல்கிறாள், "அது உனக்கு" என்று.

"என்ன எனக்கு?"

"ஊருக்கு மத்தது. கோட்டுக்குக் கீழ இருக்கறது உனக்கு. நீதானே எடுத்துப் போடறவ, நீ ஒருத்தி பார்ப்பேன்னு விட்டேன்."

எனக்காம். எனக்குச் சொல்ல வாயில்லையா அவளுக்கு? கான்வென்ட் சட்டமும் ஆஸ்பத்திரிச் சட்டமும் போதாதென்று இது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போன் பேசுகிறோமே, அப்போது சொல்வதற்கென்ன? கோட்டுக்கடியில் ஒளித்து வைத்துத்தான் சொல்வாளாம். நான் என்ன சிஸ்டர் பெனடிக்டாவா, தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கு? ஒரு தடவை நானே கேட்டேன், "ஆல்வின் கூப்பிடறானாடி?" என்று. என் பெண் புனேயிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஞாயித்துக்கிழமை" என்றாள். நம்பிவிட்டேன். ஊருக்கு முன்னால் எனக்குத்தான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள். பொய் சொன்னவள் அவள், திட்டு வாங்குகிறவள் நான். எங்கள் வகுப்பு வாட்ஸாப்பில் ஒருத்தி எழுதுகிறாள், வத்சலா வேண்டுமென்றேதான் போட்டிருப்பாள் என்று. அதற்கு எட்டுப் பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். நாலு வருஷம் ஒவ்வொருத்தியின் மஞ்சள் எழுத்தையும் தேய்த்துக் கழுவினேனே, அந்த எட்டுப் பேருக்கும் சேர்த்துத்தான் கழுவினேன்.

பத்மஜா திருத்தம் போடச் சொல்கிறாள். எழுதியே எடுத்து வந்திருக்கிறேன், இதோ. 'சென்ற மாத மடலில் தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் பின்வரும் வரிகள் தவறாக இடம்பெற்றுவிட்டன.' அடக்கமாக, கௌரவமாக இருக்கிறதா இல்லையா? எந்த வரிகள் என்பதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அதை ஜெசிந்தாதான் சொல்ல வேண்டும். அந்த ஐந்தாம் தேதி மத்தியானமே மறுபடி அவளுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். "எதைத் தப்புன்னு போடப் போறே?" என்றாள்.

"நீ சொல்றதைப் போடறேன்."

"பேசலைங்கறது தப்பா, பேசறான்ங்கறது தப்பா? நீயே சொல்லேன், வத்சலா."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள்? அது அவள் வீட்டு விஷயம். நான் யோசிப்பதற்குள் வைத்துவிட்டாள். மறுபடி அடித்தால் மணி போகவில்லை. என் எண்ணையே தடுத்துவிட்டாள். மகன் அவளுக்குச் செய்ததை அவள் எனக்குச் செய்கிறாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றோடு மூன்று ஞாயிறு ஆகிறது. பதினோரு மணி ஆனால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. ஆத்திரமாக வருகிறது.

என்ன சொன்னீர்கள்? ஞாயிற்றுக்கிழமை மகன் பேசுவான் என்று உங்களிடமும் சொல்லியிருக்கிறாளா? கதவு வழியாகச் சத்தம் கேட்குமா? பதினோரு மணிக்கா?

அது மகன் இல்லைங்க. அது நான். கோயில் பூசை முடிந்து வந்து, தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பதினோரு மணிக்கு எனக்குத்தான் கூப்பிடுவாள். நான் சொல்கிறேன், அது நான்தான்.

அவள் பேசுகிற சத்தம் கேட்காதா? 'ம்' மட்டும்தான் கேட்குமா? ஒரு மணி நேரமும் 'ம்', 'ம்', 'அப்புறம்' என்றுதானா? அந்தப் பக்கம் மகன்தான் நிறையப் பேசுகிறான், நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொள்வீர்களா?

இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

இல்லை, அப்படி இருக்காது. அவளும் பேசுவாள். நான் கேட்டிருக்கிறேன். குதிகால் வலியைப் பற்றிச் சொன்னாள், அதனால்தானே செருப்பு வாங்கப் போனோம். அது தவிர... போன வருஷம் ஜூலையில் ஒரு நாள், "வத்சு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பத்மஜா என்னைப் பார்த்துச் சிரித்தாளே, அதற்கு மறுநாள். "இருடி, முதல்ல இதைக் கேளு, அவ என்ன சொன்னா தெரியுமா" என்று ஆரம்பித்தேன். பதினான்கு அளவையும் ஐந்து நிறத்தையும் சொல்லி முடித்தபோது பன்னிரண்டேகால். "சரி, நீ என்னமோ சொல்ல வந்தியே?" என்று கேட்டேன்.

கேட்டேனா?

கேட்டிருப்பேன். இல்லை, குக்கர் விசில் அடித்தது. என் வீட்டுக் குக்கர்.

என்னங்க அது சத்தம்? கதவுக்குப் பின்னால்தான். நாற்காலி நகர்கிற மாதிரி. கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாளா? இவ்வளவு நேரமும்? நான் உங்களிடம் சொன்னதெல்லாம், அந்த ஏழு வரியும்...

நீங்கள் உள்ளே போங்கள். தப்பாக நினைக்காதீர்கள், கதவையும் சாத்திக்கொள்ளுங்கள். நாற்காலி இங்கேயே இருக்கட்டும், அப்புறம் எடுத்து வைக்கிறேன். ஒன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை மகன் பேசுகிறான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்களே, அப்படியே நினைத்துக்கொண்டிருங்கள்.

ஜெசி. நான்தான்டி. மணி பதினொண்ணு ஆச்சு. அந்தத் திருத்தத்தைப் பைக்குள்ள போட்டுட்டேன், அது வேண்டாம். கதவைத் திற. திறக்கப் பிடிக்கலைன்னா விடு, நீ அந்தப் பக்கமே உட்காரு, நான் இந்தப் பக்கம் உட்கார்றேன். குக்கரெல்லாம் ஒண்ணும் வைக்கலை, அவர் வெளியில சாப்பிட்டுக்குவார். அன்னிக்கு என்னமோ சொல்லணும்னியே, ஜூலைல. அதைச் சொல்லு. நான் வாயைத் திறக்க மாட்டேன். 'ம்' மட்டும் போடறேன்.

ம்.

ம், சொல்லு, ஜெசி.